நோவு சொல்லாத சிறுநீரகம்



வீட்டில் ஒருவருக்குத் தலைவலி என்றால் அவரே சொல்வார். பல்வலி என்றால் முகம் சொல்லிவிடும். பிள்ளைக்குக் காது குத்தினால் அழுது ஊரைக் கூட்டும். நோவு வந்தால்தான் நோய், நோவு இல்லையென்றால் சுகம் என்று எண்ணியே நாம் பழகிவிட்டோம். அந்தக் கணக்கு பொருந்தாத ஓர் உறுப்பைப் பற்றி இம்மாதம் பேசுவோம். அதுதான் ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தப்பட்ட சிறுநீரகம். அதில் இடைஞ்சல் வந்தாலும் அது நோவு சொல்லாது. அதற்காகப் பேச வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள், பெரும்பாலும் பெண்களாகிய நாம்.

நான் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்த வீட்டுத் தகப்பனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. ஒன்றரை வருடம் கிழமைக்கு இரு தடவை டயலிசிஸ் செய்தார். கடைசியில் அவருடைய சொந்தத் தங்கச்சி ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தாள். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு வரும்போது தாதி ஒருவர் அவருடைய மனைவியின் கையில் ஓர் அளவுச் சாடியைக் கொடுத்து, "ஒரு கொப்பி போட்டு ஒவ்வொரு நாளும் எழுதுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அந்தச் சகோதரி எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனாலும் மகனின் பழைய கணக்குக் கொப்பியில் கோடு போட்டு, ஒரு நாளும் தவறாமல் எழுதிவந்தார்.

ஏழாவது கிழமை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தில் ஒரு கலியாணம். வீடு நிறைய ஆட்கள். கொப்பியிலோ வேறு கதை. வழக்கமாக நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் போன சிறுநீர் திங்கட்கிழமை 2,100 மில்லி லீற்றர், செவ்வாய் 1,900, புதன் 1,600, வியாழன் 1,400. குடித்த தண்ணீரில் குறைவில்லை. காலை நிறை 58 கிலோவிலிருந்து 60 கிலோவாகியிருந்தது. வலது காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. இடது கால் சாதாரணமாக இருந்தது.

"எனக்கு ஒரு நோவும் இல்ல. என்னத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுற? புதன்கிழமை கிளினிக் தானே" என்றார் கணவர். "கலியாண வூட்டு வேலைல அங்கயும் இங்கயும் நடந்ததுக்குக் கால் வீங்கியிருக்கும் மகள், பொல்பலா அவிச்சுக் குடுங்க, எல்லாம் போகும்" என்றார் மாமி. இருவரும் அன்பினால்தான் சொன்னார்கள். அந்தச் சகோதரியோ வெள்ளிக்கிழமை காலை கொப்பியையும் கணவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கே என்ன கண்டார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவருடைய கொப்பி ஏன் அவ்வளவு பெறுமதியானது என்று பார்ப்போம்.

புதிய சிறுநீரகம் எங்கே இருக்கிறது?

பழுதான சிறுநீரகத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை வைப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பழைய இரண்டும் பெரும்பாலும் முதுகுப் பக்கத்தில் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். புதியது அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், இடுப்பெலும்புக்கு உட்புறமாக வைக்கப்படும். அதிகமாக வலது பக்கம். கால் பக்கம் போகும் பெரிய இரத்தக் குழாய்களோடு அதன் இரத்தக் குழாய்களைத் தைப்பார்கள். அதிலிருந்து வரும் சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிதாக ஒரு வாசல் வைத்துப் பொருத்துவார்கள்.

இந்தப் பொருத்துத்தான் நாம் கவனிக்க வேண்டிய முக்கிய இடம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் வயலுக்கு நிறையத் தண்ணீர் வரும். கடைசி வயலுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். புதிய சிறுநீர்க்குழாயும் அப்படியே. அதற்கு வேண்டிய இரத்தம் மேலே சிறுநீரகத்தின் பக்கமிருந்து மட்டுமே இறங்கி வருகிறது. பைக்குப் பக்கத்திலுள்ள கீழ் நுனிக்குக் கிடைப்பது மிகக் குறைவு. இரத்தம் போதாத நுனி ஆறாமல் கசியலாம், அல்லது ஆறும்போது சுருங்கி அடைபடலாம். எவ்வளவு திறமையான சத்திரசிகிச்சை நிபுணர் செய்தாலும் இது சிலருக்கு நேரும். அது யாருடைய குற்றமும் அல்ல.

உலகில் முதன்முதலில் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், உருவொத்த இரட்டைச் சகோதரர்களுக்கிடையில் நடந்தது. நமது நாட்டில் 1985 இல் இது ஆரம்பமானது. அதற்கு முன்னோடிகளாக நின்றவர்களில் பேராசிரியர் ரிஸ்வி ஷரீபும் பேராசிரியர் ஷெரிப்தீனும் நமது சமூகத்தவர்கள் என்பது எமக்கெல்லாம் சந்தோஷம். 1987 இன் 48 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு நாட்டில் வழிவகுத்தது. "உறுப்புக் கொடுப்பது மார்க்கத்தில் ஆகுமா?" என்ற கேள்விக்கு, சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 இல் ஜித்தாவில் கூடி, கொடுப்பவரின் உயிருக்கும் வாழ்வுக்கும் கேடு வராதிருத்தல், விலைக்கு விற்காதிருத்தல் முதலிய நிபந்தனைகளோடு ஆகும் என்று தீர்மானித்தது. தங்கச்சி நானாவுக்குக் கொடுப்பதும் உம்மா மகனுக்குக் கொடுப்பதும் விலை மதிக்க முடியாத ஸதகா. அப்படிக் கிடைத்த அமானிதத்தைப் பாதுகாப்பது பெற்றவரின் கடமை, அவருடைய வீட்டாரின் கடமையுங்கூட.

ஏன் நோவு தெரிவதில்லை?

நமது சொந்தச் சிறுநீரகத்தில் கல் அடைத்தால் மனிதர் தரையில் புரளும் அளவுக்கு நோவு வரும். அந்த நோவை மூளைக்குக் கொண்டு போவது நரம்பு. ஒருவரின் உடலிலிருந்து சிறுநீரகத்தை எடுக்கும்போது அதன் நரம்புகள் அறுந்துவிடுகின்றன. மற்றவரில் பொருத்தும்போது இரத்தக் குழாய்களையும் சிறுநீர்க்குழாயையும் தைக்கலாம், நரம்பைத் தைப்பதில்லை. ஆகவே புதிய சிறுநீரகம் அடைபட்டு வீங்கினாலும், அதில் கல் உண்டானாலும், அந்தப் பழைய கடும் நோவு வராமலே இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. உடல் புதிய உறுப்பை அந்நியன் என்று தள்ளிவிடாமலிருக்க, நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை ஒவ்வொரு நாளும் குடிக்க வேண்டும். கிருமி தொற்றும்போது காய்ச்சல், குளிர், நடுக்கம் என்று உடல் போடும் சத்தத்தையும் இந்த மருந்துகள் அடக்கிவிடும். பெரிய தொற்றுக்கும் சிறிய காய்ச்சல்தான் காட்டலாம்.

ஆனால் ஒரு விடயம். சிறுநீரகத்துக்கு நரம்பில்லையே தவிர, அதன் மேலுள்ள தோலுக்கும் தசைக்கும் நரம்பு உண்டு. ஆகவே புதிய சிறுநீரகம் இருக்கும் பக்கத்தில் நோவோ இறுக்கமோ வந்தால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. நோவு வந்தால் பார்க்க வேண்டும். நோவு இல்லையென்பதற்காகப் பார்க்காமல் இருக்கவும் கூடாது.

என்னென்ன கோளாறுகள் வரலாம்?

பயப்பட வேண்டாம். சிறுநீர்ப் பாதையில் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் கசிவு, அடைப்பு போன்றவை பெரும்பாலான இடங்களில் நூறு பேரில் பத்துப் பேருக்கும் குறைவாகவே ஏற்படுகின்றன. நேரத்தோடு கண்டால் அநேகமாக எல்லாவற்றையும் திருத்தலாம், சிறுநீரகத்தையும் காப்பாற்றலாம்.

முதலாவது, சிறுநீர்க் கசிவு. இது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு கிழமைகளில், பொருத்திய இடத்திலிருந்து வரும். பையில் சேரும் சிறுநீர் குறையும், அதே நேரத்தில் காயத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் வடிகுழாயில் திரவம் கூடும். காயத்தின் கட்டு அடிக்கடி நனையும். அடிவயிறு, தொடை, மர்ம உறுப்பின் பக்கம் வீங்கலாம்.

இரண்டாவது, அடைப்பு. ஆரம்ப நாட்களில் இரத்தக் கட்டியினாலோ பொருத்திய இடத்து வீக்கத்தாலோ வரலாம். பிறகு, பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள், குழாயின் நுனி சுருங்குவதால் வரலாம். சில வேளை வருடங்கள் கழிந்தும் வரும். பீகே என்ற வைரஸ் கிருமியும் குழாயைச் சுருக்கக்கூடும், அதற்குத் தனியான பரிசோதனை உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டயலிசிஸ் காலத்தில் சிறுநீரே போகாதிருந்ததால் தெரியாமலிருந்த புரொஸ்டேட் சுரப்பி வீக்கம், புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் வழியை மறிக்கும்.

மூன்றாவது, நிணநீர்த் தேக்கம். இரத்தக் குழாய்களைப் பொருத்தும்போது அவற்றைச் சுற்றியுள்ள நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் அறுபடும். அவற்றிலிருந்து ஊறும் தெளிந்த நீர் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் குளம்போல் தேங்கலாம். சிறிதென்றால் தானாகவே வற்றிவிடும். பெரிதென்றால் சிறுநீர்க்குழாயையும் காலிலிருந்து வரும் இரத்தக் குழாயையும் அழுத்தும். அதனால் அந்தப் பக்கத்துக் கால் மட்டும் வீங்கும். இது பொதுவாகச் சில கிழமைகள் அல்லது மாதங்கள் சென்ற பிறகு தெரியும்.

நான்காவது, சிறுநீர்த் தொற்று. எல்லாவற்றிலும் கூடுதலாக வருவது இதுதான், பெண்களுக்கு இன்னும் கூடுதல். எரிவு, கலங்கல், கெட்ட வாடை, இரத்தம், அடிக்கடி போதல் எல்லாம் அடையாளம். சில வேளை வெறும் களைப்பும் சாப்பாட்டில் வெறுப்பும் மட்டுமே இருக்கும். இப்படியென்றால் பார்மசியில் போய் மருந்து கேட்டு வாங்க வேண்டாம். முதலில் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், பிறகுதான் கிருமிகொல்லி மருந்து. எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் போன்ற சில கிருமிகொல்லிகள் டக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டி, அந்த மருந்தினாலேயே சிறுநீரகத்துக்குக் கேடு வரச் செய்யும்.

கொப்பியும் அளவுச் சாடியும்

வீட்டில் செய்ய வேண்டிய கண்காணிப்புக்குப் பெரிய செலவு இல்லை. ஓர் அளவுச் சாடி, ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி. முடிந்தால் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று.

நிறையை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின்பு, சாப்பிட முன்பு, ஒரேயளவு உடுப்போடு. ஒரு நாளில் ஒரு கிலோவோ, சில நாட்களில் இரண்டு கிலோவோ கூடினால் அது தசை போட்டதல்ல, வெளியே போகாமல் நிற்கும் தண்ணீர்.

சிறுநீரை ஆஸ்பத்திரியில் சொல்லும் காலம்வரை அளவுச் சாடியில் பிடித்து, சுபஹிலிருந்து மறுநாள் சுபஹ் வரை கூட்டி எழுதுங்கள். குடித்ததையும் பக்கத்தில் எழுதுங்கள். டயலிசிஸ் காலத்தில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அளந்து குடித்தவர், இப்போது நிறையக் குடிக்கச் சொன்னால் பயப்படுவார். டொக்டர் சொன்ன அளவைக் குடிக்கிறாரா என்று பாருங்கள். குடித்தது குறைந்ததால் சிறுநீர் குறைந்ததா, குடித்தும் குறைந்ததா என்பதுதான் டொக்டர் கேட்கும் முதல் கேள்வி.

இரண்டு விடயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்த சிறுநீர்ப்பை சுருங்கிப் போயிருக்கும். ஆகவே முதல் கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை, இரவிலும் எழும்பிப் போக வேண்டிவரும். அது பெரும்பாலும் மெதுவாகச் சரியாகிவிடும். எத்தனை தடவை என்பதைவிட மொத்தம் எவ்வளவு என்பதையே பாருங்கள். இரண்டாவது, சிலருக்குப் பழைய சிறுநீரகங்களிலிருந்தும் கொஞ்சம் சிறுநீர் வந்துகொண்டிருக்கும். சத்திரசிகிச்சைக்கு முன்பே நாளொன்றுக்கு அரை லீற்றர் போனவருக்கு, பின்பும் அரை லீற்றர் போனால், "சிறுநீர் போகுது தானே" என்று ஆறுதலடைய முடியாது. அது புதியதின் வேலையாக இல்லாமலிருக்கலாம். ஆகவே முன்பு எவ்வளவு போனது என்பதைக் கொப்பியின் முதற் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் சிறுநீர்ப்பையில் குழாய் வைத்திருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் நீங்களென்றால், பை நிரம்பும் வேகத்தைப் பாருங்கள். சட்டென்று நின்றால் குழாய் நோயாளியின் தொடைக்குக் கீழ் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, உடனே தாதியிடம் சொல்லுங்கள். சிறு இரத்தக் கட்டி அடைத்திருந்தால் அவர்கள் கழுவிச் சரிசெய்வார்கள். நீங்கள் குழாயைக் கழற்றவோ இழுக்கவோ வேண்டாம்.

சிறுநீர் குறைந்தால் பொல்பலா, நெருஞ்சில் அவித்துக் கொடுப்பது நமது வீடுகளின் வழக்கம். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு இது கூடாது. வழி அடைபட்டிருக்கும்போது சிறுநீரைக் கூட்டும் எதையும் கொடுப்பது, கதவை மூடிவிட்டு உள்ளே ஆட்களைத் தள்ளுவது போன்றது. செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் சரியாகப் போகாதபோது பொட்டாசியம் இரத்தத்தில் கூடினால் இதயத்தையே பாதிக்கும். காமரங்காய் பழுதான சிறுநீரகத்துக்கு விஷம் போன்றது. ஜம்போலா மருந்தின் அளவைக் குழப்பக்கூடும். நோவுக்கு டைக்ளோபெனக், புரூபன் போன்ற மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலாவது இரத்தப் பரிசோதனை. கிரியேட்டினின் என்பது தசைகளில் உண்டாகிச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் ஒரு கழிவு. அது கூடினால் சிறுநீரகம் திணறுகிறது என்று அர்த்தம். இங்கே சகோதரிகள் ஒரு தவறு செய்கிறோம். அறிக்கையில் அச்சடித்திருக்கும் எல்லைக்குள் இலக்கம் இருந்தால் "நோர்மல்" என்று மடித்து வைத்துவிடுகிறோம். மெலிந்த ஒரு பெண்ணுக்கு 0.8 ஆக இருந்தது 1.1 ஆனால், அது அச்சடித்த எல்லைக்குள் இருக்கக்கூடும். ஆனால் அவருக்கு அது பெரிய உயர்வு. ஒப்பிட வேண்டியது அவரவருடைய சென்ற மாத இலக்கத்தோடுதான். ஆகவே ஒவ்வொரு முறையும் கிரியேட்டினினைக் கொப்பியில் வரிசையாக எழுதுங்கள்.

கிரியேட்டினின் கூடியது ஏன் என்பதை அந்த இலக்கம் சொல்லாது. உடல் உறுப்பை நிராகரித்தாலும் கூடும், மருந்து கூடினாலும் கூடும், தண்ணீர் குறைந்தாலும் கூடும், வழி அடைபட்டாலும் கூடும். நிராகரிப்பு என்று எண்ணி அதற்குரிய பலமான மருந்தைக் கொடுத்தாலும் அடைப்புத் திறக்காது. ஆகவேதான் கிரியேட்டினின் கூடியதும் டொக்டர்மார் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள்.

ஸ்கேன் என்பது வயிற்றின் மேல் களி பூசி, ஒலி அலைகளால் உள்ளே பார்ப்பது. கர்ப்ப காலத்தில் நாம் செய்துகொள்வது போன்றதுதான். நோவில்லை, கதிர்வீச்சு இல்லை, மருந்து ஏற்றத் தேவையில்லை. புதிய சிறுநீரகம் தோலுக்குக் கிட்ட இருப்பதால் நன்றாகத் தெரியும். சிறுநீரகத்தின் உட்பகுதி விரிந்திருக்கிறதா, பக்கத்தில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். டொப்ளர் முறையில் இரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள். பை நிறையச் சிறுநீர் இருந்தால் சிறுநீரகமும் கொஞ்சம் விரிந்து காட்டும். ஆகவே "சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், திரும்பப் பார்ப்போம்" என்று சொன்னால் சலிக்க வேண்டாம், அதில் காரணம் இருக்கிறது.

நீர் தேங்கியிருந்தால் அது சிறுநீரா நிணநீரா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஊசியால் கொஞ்சம் எடுத்து அதிலுள்ள கிரியேட்டினினை அளப்பார்கள். சிறுநீரென்றால் அதன் கிரியேட்டினின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கும். நிணநீரென்றால் இரத்தத்தின் அளவோடு ஒத்திருக்கும். வடிகுழாயில் வரும் திரவத்துக்கும் இதே பரிசோதனைதான்.

இன்னும் தெளிவு வேண்டுமென்றால் மிகச் சிறிதளவு கதிர்வீச்சு மருந்தை ஏற்றி, அது சிறுநீரகத்திலிருந்து எங்கே போகிறது என்று படமெடுப்பார்கள். சீட்டி ஸ்கேனும் உண்டு. அடைப்பு உறுதியென்றால் தோலினூடாகச் சிறுநீரகத்துக்குள் மெல்லிய குழாயொன்றைச் செலுத்துவார்கள். அது இரண்டு வேலை செய்யும். தேங்கிய சிறுநீரை வெளியேற்றிச் சிறுநீரகத்துக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். அதன் வழியே மருந்து செலுத்திப் படமெடுத்தால் அடைப்பு எந்த இடத்தில் என்பதும் தெரியும். பிறகு அதை விரிப்பதா, திரும்பத் தைப்பதா என்று முடிவு செய்வார்கள். ஸ்கேனில் அடைப்போ கசிவோ இல்லையென்றால் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துண்டெடுத்துப் பார்க்க நேரலாம்.

மறந்துபோகும் குழாய்

பொருத்திய இடம் ஆறும்வரை, சிறுநீர்க்குழாயின் உள்ளே ஸ்டென்ட் எனும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அநேகமாக வைப்பார்கள். கசிவையும் அடைப்பையும் இது குறைக்கிறது. பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு கிழமைகளுக்குள் அதை வெளியே எடுக்க வேண்டும். வெளியே தெரியாது, நோவும் இல்லை என்பதால் சிலர் அதை மறந்தே போகிறார்கள். மாதக் கணக்கில் உள்ளே கிடந்தால் அதன் மேல் கல் படியும், கிருமி குடியேறும். காப்பாற்ற வைத்த குழாயே அடைப்பாகிவிடும்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது மறக்காமல் கேளுங்கள்: "ஸ்டென்ட் வைத்திருக்கிறதா? எப்போது எடுக்க வேண்டும்?" அந்தத் திகதியைக் கொப்பியின் அட்டையிலும் சுவரிலுள்ள கலண்டரிலும் எழுதுங்கள். சிறுநீர் வழியே கருவியொன்றைச் செலுத்தி எடுப்பது சில நிமிட வேலை. வெட்கப்பட்டுத் தவணை போடும் சகோதரிகள் இருக்கிறார்கள். பெண் வைத்தியர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பெண் தாதி ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். சிகிச்சையின் தேவைக்கு மார்க்கம் இடமளித்திருக்கிறது. வெட்கம் ஈமானின் அழகுதான். ஆனால் வைத்தியரிடம் சிறுநீரைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டு ஒருவர் கொடுத்த உறுப்பை இழப்பது வெட்கத்தின் இடமல்ல.

குழாயும் பையும் இருக்கும் நாட்களில் தொழுவது எப்படி என்று பலர் கவலைப்படுகிறார்கள், சிலர் அதற்காகவே குழாயை நேரத்துக்கு முன் கழற்றச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். சிறுநீர் நில்லாதவருக்கு ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் நேரம் வந்தபின் வுழூச் செய்து தொழும் சலுகை இருக்கிறது. விபரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரமழான் நோன்பும் அப்படியே. மருந்து நேரம் தவறக் கூடாது, தண்ணீர் குறையக் கூடாது. முக்கியமாக முதல் வருடத்தில், வைத்தியரிடம் கேட்காமல் நோன்பு பிடிக்க வேண்டாம்.

தாமதிக்காமல் போக வேண்டியவை

இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்:

1. குடித்தும் சிறுநீர் நாளுக்கு நாள் குறைதல், அல்லது சட்டென்று நிற்றல்.
2. ஒரு நாளில் ஒரு கிலோ, அல்லது சில நாட்களில் இரண்டு கிலோ நிறை கூடுதல்.
3. புதிய சிறுநீரகம் உள்ள பக்கத்துக் கால், தொடை அல்லது அடிவயிறு வீங்குதல்.
4. காயத்திலிருந்து நீர் வடிதல், கட்டு நனைதல்.
5. சிறுநீரில் இரத்தம், எரிவு, கலங்கல்.
6. காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைட்டுக்கு வருதல், அல்லது குளிர் நடுக்கம்.
7. புதிய சிறுநீரகத்தின் மேல் நோவு, இறுக்கம்.
8. வாந்தியினால் மருந்து வயிற்றில் தங்காமை.

போகும்போது கொப்பியையும் குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக முடிகிறது என்றால், "இவருக்குச் சிறுநீரக மாற்றுச் செய்திருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரியின் கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை இரத்தம் பார்த்தார்கள். 1.2 ஆக இருந்த கிரியேட்டினின் 2.1 ஆகியிருந்தது. ஸ்கேனில் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை கொள்ளுமளவு நீர் தேங்கிச் சிறுநீர்க்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. பரிசோதித்ததில் அது நிணநீர். குழாய் வைத்து வடித்தார்கள். மூன்று நாளில் காலின் வீக்கம் வற்றியது. நீர் திரும்பவும் ஊறியதால், அது வயிற்றின் உட்பக்கம் வடிந்து உடலே உறிஞ்சிக்கொள்ளும்படி பின்னர் ஒரு சிறிய சத்திரசிகிச்சையும் செய்தார்கள். கிரியேட்டினின் 1.3 இல் வந்து நின்றது. கலியாணம் அவர்கள் இல்லாமலே நடந்தது.

"இன்னும் ஒரு கிழமை பொறுத்திருந்தால் என்னவாகியிருக்கும்?" என்று அவர் டொக்டரிடம் கேட்டாராம். டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதைப்பற்றி நீங்கள் யோசிக்கத் தேவையில்லை, நீங்கள்தான் பொறுத்திருக்கவில்லையே" என்றாராம். சிறுநீரகம் கொடுத்த தங்கச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து, அந்தக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுததை நான் கண்ணால் கண்டேன்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் ஒருவர் இருந்தால், இந்தப் பக்கத்தை அவருடைய உம்மாவுக்கோ மனைவிக்கோ மகளுக்கோ வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு ஒரு கொப்பியை வாங்கிக் கொடுங்கள். அதுவும் ஒரு ஸதகாதான்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக. உறுப்பீந்தவர்களுக்கு நீண்ட ஆரோக்கியத்தையும் நிறைவான கூலியையும் வழங்குவானாக. அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.